கடைசி ஓட்டையில் நின்ற கம்பி

படகு மூக்கைத் தூக்கும், மூக்கைத் தூக்கும் என்று மோட்டார்க்காரர் உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டாள். மாரடைப்பில் அவர் திடுதிப்பென்று போய், மோட்டாரின் கைப்பிடி அவள் கைக்கு வந்த பிறகுதான் மனுஷன் சொன்னது நிஜம் என்று தெரிந்தது.

காலையில் ஆட்களை ஏற்றி ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பம்ப் ஹவுசில் விடுவதும், சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவதும்தான் அந்தப் படகின் பிழைப்பு. படகின் முன்முனையில் ஒரு ஆள் மட்டும் உட்காருகிற குறுகலான பலகை அவளுடைய இடம். தண்ணீர் தெறிக்கும் என்பதால் வேறு யாரும் அங்கே உட்கார மாட்டார்கள். கரை வந்ததும் கயிற்றோடு முதலில் குதிப்பவள் அவள், லேட்டாக வருகிறவனைத் திட்டுகிறவளும் அவள். அதனால் பம்ப் ஹவுஸ் ஆட்களுக்கு அவள் ‘கண்டக்டரக்கா’.

அந்தப் பலகைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. அவர்களுக்கு ஒரே பெண். பள்ளிக்கூடத்தை முடிக்கிற வயதில் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு இவள் சமையலறைச் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தவள்தான். அடுப்புப் பற்றவைப்பதில்லை, தலை வாருவதில்லை. அவள் தலை சாய்ந்த இடத்தில் சுவரில் எண்ணெய்க் கறை படிந்தது. சொந்தக்காரர்கள் வந்து எல்லா ஆறுதலும் சொல்லிப் பார்த்து ஓய்ந்து போனார்கள். மோட்டார்க்காரருக்கு ஆறுதல் சொல்ல வராது. மோட்டாரைப் பற்றிக் கேட்டால் பொழுது சாய்கிற வரை பேசுவார், மற்றதற்கெல்லாம் வாயில் கொழுக்கட்டைதான்.

ஒரு நாள் காலையில் அவர் சமையலறை வாசலில் நின்று மோட்டாரைப் பற்றிப் புலம்பத் தொடங்கினார். மோட்டாரைப் படகின் பின்பலகையோடு பிடித்திருக்கிற இரும்புத் தாங்கியில் வரிசையாக ஓட்டைகள் உண்டு. விரல் தடிமனுக்கு ஒரு கம்பியை எந்த ஓட்டையில் செருகுகிறோமோ, அந்தச் சாய்வில் மோட்டார் நிற்கும். பலகையை ஒட்டிய ஓட்டை என்றால் படகின் மூக்கு அமுங்கும். தள்ளிப்போகப் போக மூக்கு எழும்பும். கம்பி கடைசி ஓட்டையில் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டுவிட்டது, அசைய மாட்டேன் என்கிறது என்றார்.

“ஆளுங்கள விட்டுட்டுக் காலிப் படகோட திரும்பறப்ப மூக்கு வானத்தைப் பாக்குது. முன்னாடி ஒரு ஆள் இருந்தாத்தான் எனக்கு வழி தெரியும். இன்னிக்கு ஒரு நாள் வாயேன்.”

உடுத்திய சேலையோடு எழுந்து போனாள். அந்த ஒரு நாள் ஒன்பது வருஷமாக நீண்டது.

அதற்காக அவள் அவரைச் சும்மா விட்டாள் என்று நினைக்க வேண்டாம். மழையில் நனைந்தால் திட்டு, வெயிலில் காய்ந்தால் திட்டு. “ஒரு கம்பியைக் கழட்டத் துப்பில்ல, பேரு மட்டும் மோட்டார்க்காரரு. என்னை என்ன மணல் மூட்டைன்னு நெனச்சீங்களா?” என்பாள். படகே சிரிக்கும். துருப்பிடித்துவிட்டது, என்ன செய்யச் சொல்கிறாய் என்று முனகிவிட்டு அவர் தண்ணீரைப் பார்ப்பார். கம்பியைக் கழற்றத் தெரியாத மோட்டார்க்காரர் என்ற பெயர் இரண்டு கரைகளிலும் பரவியது. பரப்பிய புண்ணியம் கண்டக்டரக்காவையே சேரும்.

இப்போது முன்பலகையில் அவள் இல்லை. கைப்பிடியை இழுப்பதும் திருப்புவதும் அவளுக்குத் தெரியும், இத்தனை வருஷம் பார்த்தவள்தானே. போகும்போது ஆட்களில் ஒருவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். திரும்பும்போதுதான் வந்தது வினை. காலிப் படகு மூக்கைத் தூக்கிக்கொள்ள, அவளுக்கு எதிரே பலகையும் வானமும் தவிர எதுவும் தெரியவில்லை. கரையோரத்து மொட்டை மரத்தில் போய் இடித்து படகின் ஒரு பலகையில் விரிசல் விட்டது.

மறுநாள் ஒரு மணல் மூட்டையைத் தூக்கி முன்னால் போட்டாள். திரும்புகிற இடத்தில் மூட்டை ஒரு பக்கம் சரிய, படகு குடிகாரனைப் போலத் தள்ளாடியது. கண்டக்டரக்கா எடைக்கு இன்னும் ரெண்டு மூட்டை வேணும் என்று யாரோ கிண்டல் செய்தார்கள். மற்ற நாளாக இருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு அவள் கரை சேர்ந்ததும் மூட்டையை இறக்கிப் போட்டாள்.

பம்ப் ஹவுஸ் மேலாளர் கெட்டவர் இல்லை. இந்த வாரம் பார்க்கிறேன், ஆட்கள் பயப்படுகிறார்கள், சரியாகவில்லை என்றால் வேறு படகு வைக்க வேண்டியிருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்று சாயங்காலமே கொழுந்தன் வந்தான். கம்பி துருப்பிடித்து இரும்போடு இரும்பாகிவிட்டது, அண்ணனே சொல்லியிருக்கிறார், நாளைக்கு மெஷின் கொண்டுவந்து அறுத்துவிடலாம் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“படகை நான் பாத்துக்கறேன் அண்ணி. உங்களுக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? நீங்க நிம்மதியா வீட்ல உக்காருங்க.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். வீட்டில் எங்கே உட்காருவாள் என்று அவளுக்குத்தானே தெரியும். அந்தச் சுவரும் கறையும் அங்கேயேதான் இருந்தன. இப்போது நினைத்து அழ மகளோடு அவரும் சேர்ந்துவிட்டார், வாசலில் வந்து நின்று கூப்பிடத்தான் ஆள் இல்லை.

மறுநாள் மத்தியானம், கொழுந்தன் வருவதற்கு முன்னால், சுத்தியலோடு படகுத் துறைக்குப் போனாள். கம்பியின் முனையில் ஓங்கி அடித்தாள். அசையவில்லை. உள்ளங்கை கொப்பளிக்கிற வரை அடித்துவிட்டுச் சுத்தியலைப் போட்டு உட்கார்ந்தாள். போனதுதான் போனீங்க, இதைக் கழட்டி வச்சுட்டுப் போயிருக்கக் கூடாதா என்று செத்தவரிடம் சண்டைக்குப் போனாள்.

சண்டையின் நடுவில்தான் அவர் தினமும் சாயங்காலம் செய்கிற காரியம் நினைவுக்கு வந்தது. ஆட்கள் இறங்கிய பிறகு மோட்டாரைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்துவார். ஒரு கந்தல் துணியும் டப்பாவுமாக அதன் பின்னால் குனிந்து கொஞ்ச நேரம் ஏதோ செய்வார். முன்னால் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிற இவளுக்கு அவர் முதுகுதான் தெரியும். தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் சுற்றிய பாசியை எடுக்கிறார் என்று நினைத்து, சீக்கிரம் வாங்க என்று கத்துவாள்.

எழுந்து, அவரைப் போலவே மோட்டாரின் தலையை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் இழுத்தாள். அடிப்பக்கம் தண்ணீரை விட்டு மேலே எழுந்து, கொக்கி டக்கென்று விழுந்து நின்றது. அவ்வளவு நேரமும் மோட்டாரின் பாரம் முழுக்க அந்தக் கம்பி மேல்தான் உட்கார்ந்திருந்தது. இப்போது கம்பியைத் தொட்டாள். ஆடியது. இரண்டு விரலால் இழுத்தாள். வெண்ணெயிலிருந்து வருவது போல வழுக்கிக்கொண்டு வந்தது.

துருவின் சுவடே இல்லை. கம்பி முழுக்கப் புதுக் கிரீஸ். மற்ற ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அங்கேயும் கிரீஸ்.

கையில் கம்பியோடு அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டாள். மனுஷன் பொய் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு சாயங்காலமும் அந்தப் பொய்க்குக் கிரீஸ் போட்டுத் துடைத்து, திரும்பவும் அதே கடைசி ஓட்டையில் செருகியிருக்கிறார். நினைத்த நேரத்தில் மாற்றியிருக்கலாம். மாற்றியிருந்தால் முன்பலகைக்கு ஆள் தேவைப்பட்டிருக்காது, அவள் சுவருக்கே திரும்பியிருப்பாள். அதற்காக ஊரே சிரிக்கிற பெயரை வாங்கிக்கொண்டார். ஒரு மோட்டார்க்காரருக்கு அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? அந்தப் பெயரைத் தந்தவளும் அவள்தான்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல” என்றாள். சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரியும். வாய்விட்டு அழுதாள். மகளுக்காக அழுததற்குப் பிறகு அவள் அப்படி அழுதது அன்றைக்குத்தான்.

அழுது முடித்துக் கம்பியைப் பின்பலகையை ஒட்டிய ஓட்டையில் செருகினாள். மோட்டாரை இறக்கி, காலிப் படகை ஏரிக்குள் விட்டாள். படகு மட்டமாகப் போனது. இவ்வளவு பெரிய ஏரி முழுவதும் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மூக்கைத் தூக்கினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அது தூக்கவில்லை. அறுக்கிற மெஷினோடு வந்து நின்ற கொழுந்தனிடம், வேண்டியதில்லை, படகை நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் காலை ஆட்கள் ஏறினார்கள். அன்றைக்கு முன்னால் உட்காரப் பம்ப் ஹவுஸ் ஃபிட்டரின் முறை. அவர் சலித்துக்கொண்டே முன்பலகைக்குப் போனார்.

“அங்க வேண்டாம், பின்னாடி வந்து உக்காருங்க” என்றாள். “கம்பியை மாத்திட்டேன்.”

அவ்வளவு துருப்பிடித்ததை எப்படிக் கழற்றினீர்கள் என்று ஃபிட்டர் ஆச்சரியப்பட்டார்.

“துருவே இல்ல. அவரு தினமும் கிரீஸ் போட்டு வச்சிருந்தாரு.”

“அப்புறம் ஏங்க்கா இத்தனை வருஷமா கடைசி ஓட்டையிலயே வச்சிருந்தாரு?”

அவள் மோட்டாரின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

“என்னை வீட்டை விட்டுக் கிளப்பத்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. ஃபிட்டர் முன்பலகையில் வைத்த தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து உட்கார்ந்தார்.