டிரங்க் கால் விஜயா

காஜா பேராங்கில் போய் விஜயா வீடு எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. டிரங்க் கால் விஜயா என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விடுவார்கள். மலாக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த நாற்காலி. என் பெயர் மல்லிகா, வீடு உஜோங் பாசிர். நான் வாயாடி, அவள் வாயே திறக்க மாட்டாள். ஆனால் வேலையில் உட்கார்ந்துவிட்டால் குரல் அப்படி இழையும். என்ன நம்பர் வேண்டும் என்று அவள் கேட்டால் சீன முதலாளிகளான தவுக்கேமார்கள் வேண்டுமென்றே நம்பரை மறந்துவிட்டு, இன்னொரு தரம் கேட்கச் சொல்வார்கள். நான் கேட்டால் மளமளவென்று சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். பிற்பாடு அவள் எங்களுக்கெல்லாம் மேற்பார்வையாளராகக்கூட ஆனாள். இருந்தாலும் அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் மலாயா சுதந்திரம் வாங்கிய அந்த மெர்டேக்கா வாரத்திலேயே போய் நின்றுவிடுகிறேன்.

அவள் அப்பா கலியாணசுந்தரம் தெங்கேராவில் ஒரு ரப்பர் கிடங்குக்கு லாரி ஓட்டினார். ஒரே பெண் என்று கான்வென்டில் இங்கிலீஷ் படிக்க வைத்தார். அவளுக்கு எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "கோலாலம்பூரு, பினாங்கு, சிங்கப்பூரு, எல்லாம் எம் பொண்ணு கையிலதான்லா இருக்கு" என்று லாரியை நிறுத்தி நிறுத்திச் சொல்வார். சுற்று வட்டாரமே அதை நம்பியது. அவர் மனைவி சாரதாம்பாள் எல்லோரையும்விட அதிகமாக நம்பினார்.

எங்கள் கையில் என்ன இருந்தது என்று எனக்கல்லவா தெரியும்? முன்னால் ஒரு பலகை, அது நிறையத் துளைகள், துளைக்கொரு குட்டி விளக்கு. யாராவது போனை எடுத்தால் விளக்கு எரியும். பிளக்கைச் செருகி யார் வேண்டும் என்று கேட்க வேண்டும். இன்னொரு துளையில் மறு பிளக்கைச் செருகி மணியடித்துவிட்டு, அதை அப்படியே விட்டு அடுத்த விளக்குக்குப் போய்விட வேண்டும். எடுப்பாரா மாட்டாரா என்று ஒருவருக்காகக் காத்துக்கொண்டிருந்தால் பலகை முழுக்க எரிந்து மானத்தை வாங்கிவிடும். எடுத்தால் விளக்கு சொல்லும். பேசி முடித்து வைத்தாலும் விளக்கு சொல்லும். உடனே பிளக்கை உருவிவிட வேண்டும். வெளியூருக்குப் பேசும் டிரங்க் கால் என்றால் பதிவு செய்துகொண்டு, "வச்சிட்டுப் போய் வேலையப் பாருங்க, லைன் கெடச்சதும் நாங்களே கூப்புடுறோம்" என்போம். எப்போது கிடைக்கும் என்பது எங்களுக்கும் தெரியாது. எதற்கும் காத்திருக்காதே, எரிகிற விளக்குக்குப் போ என்பதுதான் அங்கே சட்டம்.

விஜயா வீட்டுக்குப் பக்கத்தில் போன் இருந்தது அப்துல் கய்யூம் பாய் மளிகைக் கடையில் மட்டும்தான். தங்கமான மனிதர். போன் விஷயத்தில் மட்டும் அவரோடு மல்லுக்கட்டி எங்கள் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். அக்கம்பக்கத்தில் யாருக்குப் போன் வந்தாலும் அவரே ஓடிப்போய்க் கூட்டி வருவார். ஓடும் முன் ரிசீவரை அதன் இடத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு ஓடுவார்! வைத்தால் பேச்சு முடிந்ததாக விளக்கு எரிந்து, லைன் போய்விடும். எத்தனை தடவை சொல்லியும் தலையில் ஏறவில்லை. எடுத்த சாமான் எடுத்த இடத்துக்குத் திரும்பாமல் அந்தக் கடையில் எதுவும் கிடக்கக்கூடாது. "கூப்புட்ட மனுசரக் கயித்துல தொங்க விட்டுட்டுப் போகச் சொல்றியா புள்ள? அது மரியாத இல்ல" என்பார். உள்ளூர் அழைப்பென்றால் மறுபடி போட்டுக் கொடுத்துவிட்டு நாங்கள் சிரித்துக்கொள்வோம்.

ஐம்பத்தேழு ஆகஸ்டில் விஜயாவின் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்று கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். துணைக்குச் சித்தப்பா சேதுராமன் போனார். மெர்டேக்கா நெருங்கியதால் எங்களில் ஒருத்திக்கும் விடுப்பு கிடையாது. ஆபரேஷன் அடுத்த வாரம் என்றிருந்ததை டாக்டர் திடீரென்று இன்றைக்கே என்று சொல்லிவிட்டார். உள்ளே போகும் முன் சாரதாவிடம் பேசியே ஆக வேண்டும் என்று அப்பா அடம்பிடிக்க, சித்தப்பா ஆஸ்பத்திரி போனில் டிரங்க் கால் பதிவு செய்தார். புருஷனும் பெண்சாதியும் அதுவரை போனில் பேசியதே இல்லை.

அன்று கோலாலம்பூர் லைன் முழுக்க சர்க்கார் அழைப்புகள். பந்தல், கொடி, பேண்டு வாத்தியம் என்று ஓயவில்லை. அதற்கு நடுவே கோலாலம்பூர் எக்ஸ்சேஞ்சுப் பெண், "மலாக்கா, ஆஸ்பத்திரியிலிருந்து கய்யூம் கடைக்கு" என்றாள். விஜயா பிளக்கைச் செருகினாள். "அலோ! சாரதா! அலோ!" என்று அவள் அப்பா போட்ட சத்தம் பக்கத்திலிருந்த எனக்கே கேட்டது. "ஏய், உங்கப்பாடி, பேசு" என்று முழங்கையால் இடித்தேன். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"டிரங்க் காலுக்கு மூணு நிமிசம்தான் மல்லிகா. நான் ஒரு வார்த்த பேசுனா அம்மாவுக்கு ஒரு வார்த்த கொறஞ்சிரும்."

கடையில் போனை எடுத்தார்கள். "யாரு, கல்யாணம் அண்ணனா? இருங்கண்ணே, தங்கச்சியக் கையோட கூட்டியாந்துர்றேன்" என்றார் கய்யூம் பாய்.

"பாய், வைக்காதீங்க! வைக்காதீங்க பாய்!" என்று விஜயா கத்தினாள்.

அவர் வைத்துவிட்டார். விளக்கு எங்கள் பலகையிலும் எரிந்தது, கோலாலம்பூர்ப் பலகையிலும் எரிந்தது. விஜயா பிளக்கைத் தொடவில்லை. கோலாலம்பூர்ப் பெண் உருவிவிட்டாள். அடுத்த நொடி அந்த லைனில் ஏதோ ஒரு சர்க்கார் அழைப்பு ஏறிக்கொண்டது. அவளையும் திட்ட முடியாது, நாங்கள் தினமும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். விஜயா கெஞ்சினாள். அவளும் பாவம், வரிசையில் மறுபடி சேர்த்துக்கொள்கிறேன் என்றாள். அதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பலகையில் கய்யூம் கடை விளக்கு மறுபடி எரிந்தது. சாரதாம்பாள் மூச்சிரைக்கப் பேசினார். "என்னங்க... நான்தாங்க..."

"அம்மா, நான் விஜயா. லைன் அறுந்துபோச்சும்மா. வச்சிருங்க, கெடச்சதும் கூப்புடுறேன்."

"நீயா? அப்ப சரி. அப்பாவக் குடு."

"எங்கிட்ட இல்லம்மா."

"எல்லா ஊரும் ஒங் கையிலதான இருக்கு? குடு விஜயா. அவரு பயந்துருப்பாரு."

போனை வைக்கச் சொன்னால் அவர் வைக்கவில்லை. "வச்சதுனாலதான போச்சுன்னு பாய் இங்க அழுவுறாரு. நான் வைக்க மாட்டேன்" என்றார். விஜயா அம்மாவின் பிளக்கை அப்படியே விட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். வேறு வழி? பேண்டு மாஸ்டருக்கு ஓட்டலைக் கொடுத்தாள். ஒரு தவுக்கேக்குப் புக்கிட் ரம்பாய் லைனைக் கொடுத்தாள். ஊரில் எல்லோரும் எல்லோரோடும் பேசினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பலகையை உடைத்துப் போடலாம் போலிருந்தது. உடைத்து என்ன ஆகப்போகிறது? இடையிடையே கோலாலம்பூரைக் கேட்பாள். இல்லை என்பார்கள். அம்மாவிடம் போய் இல்லை என்பாள்.

சாயங்காலம் கோலாலம்பூர் கூப்பிட்டது. விஜயா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சித்தப்பா, நான் விஜயா. அம்மா லைன்லதான் இருக்காங்க, இதோ போட்டுர்றேன். அப்பாகிட்டக் குடுங்க."

 சித்தப்பா சொன்னார்: "மயக்கம் தெளியவே இல்லம்மா. போயிட்டாரு."

அம்மாவுக்குப் போட வேண்டிய பிளக் அவள் கையில் இருந்தது. அதை அவள் செருகவில்லை. "நானே சொல்லிக்கிறேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டுக் காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றினாள். வேலை முடியும் முன் அவள் எழுந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மேற்பார்வை அம்மாள் தடுக்கவில்லை.

"அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிறாத மல்லிகா. நான் வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

நான் அவள் நாற்காலிக்கு நகர்ந்தேன். சாரதாம்பாள் இன்னமும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"விஜயா?"

"நான் மல்லிகாம்மா. விஜயா வீட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கா."

"வீட்டுக்கா?" அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அறிவிருக்கா அவளுக்கு? இந்த நேரத்துல எந்திரிச்சு வரலாமா? அவரு கூப்புட்டா யாரு லைன் போடுவா?"

விஜயா விட்டுப்போன பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டேன். 

"நான் போடுறேம்மா" என்றேன்.

"சரி தாயி. நீ பாத்துக்க. நான் வைக்காமப் புடிச்சிக்கிட்டே இருக்கேன்."