சைவ வீட்டுத் தாய்ப்பால்

அரூர் வட்டாரத்தில் எங்கள் வீட்டைச் 'சைவ வூடு' என்பார்கள். ஞாயிறுதோறும் தெருவெங்கும் கறி மணக்கும் ஊரில், என் தந்தையார் காலத்திலிருந்தே எங்கள் அடுப்பில் புலால் ஏறியதில்லை. அந்தப் பெயரைக் காப்பதில் நான் தளர்வு காட்டியவன் அல்லன். மகனுக்குப் பெண் பார்த்தபோது அதையே முதல் நிபந்தனையாக வைத்தேன். ஏரியூர்ப் பக்கத்துப் பெண்; அசைவக் குடும்பம். எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவது எளிது.

பேரன் பிறந்து, தாய்வீட்டிலிருந்து மருமகள் திரும்பியபோது என் ஐயம் வலுத்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கட்டும் என்று பால்சுறா சமைத்துப் போடுவது அவர்கள் வழக்கம். போதாக்குறைக்கு, அவளுடைய தாயார் வாரம் தவறாமல் மூடிய தூக்குப்போசியுடன் பேருந்தில் வந்து இறங்கினார். ஒருநாள் நான் அந்தப் போசியைச் சுற்றி நடப்பதைக் கவனித்துவிட்டார்.

"என்னங்க சம்பந்தி, மோந்து பாக்கோணும்னா தொறந்தே காட்டறேனுங்க. பூண்டுக் கொழம்புதான்."

நான் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டேன்.

இதற்கிடையில் குழந்தை வாடியது. முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை சிரிப்பதை நிறுத்தியது. வெளுத்துத் துவண்டு கிடந்தது. அருகில் போனாலும் கண் திரும்பவில்லை. விரல் மூட்டுகள் கறுத்தன. சம்பந்தி அம்மாளும் உடன்வர, தருமபுரியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோனோம். தாய்க்கும் பிள்ளைக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் இருவருக்குமே பி12 வைட்டமின் மிகக் குறைவு.

"அம்மா உடம்புல இருந்தாதாங்க பால்ல வரும்," என்றார் மருத்துவர். "கறி, மீன், முட்டை, பால், தயிர். இதுல எதம்மா சாப்பிடறீங்க?"

மருமகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எதுவும் இல்லீங்க," என்றாள். பிள்ளைக்குச் சளி பிடிக்குமென்று பத்தியத்தில் பாலையும் தயிரையும்கூட நிறுத்தியிருந்தோம்.

அந்தப் பார்வையை நான் நம்பவில்லை. பெண்வீட்டாரும் மருத்துவரும் சேர்ந்து என் அடுப்பில் முட்டையை ஏற்ற வழி தேடுகிறார்களோ என்று தோன்றியது. இருவருக்கும் உடனே பி12 ஊசி போட வேண்டும் என்றார் மருத்துவர். வெளியே வந்ததும், "சேலத்துல இன்னொரு எடத்துல பாத்துட்டு அப்பறம் ஊசி போட்டுக்கலாம்," என்றேன். மகன் மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தான். சம்பந்தி அம்மாள் விடவில்லை.

"சேலம் எதுக்குங்க? எம் பொண்ணு களவாத் தின்னுட்டான்னுதான உங்க நெனப்பு? பால்சுறாவ வறுத்து முன்னால வெச்சேனுங்க. மாமாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்னு தட்டத் தள்ளிவுட்டுட்டா."

"வுடும்மா," என்ற மருமகள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, நான் திருட்டுத்தனமாத் தின்னுட்டு இருந்திருந்தா அந்தச் சத்து ரத்தத்துல இருந்திருக்குமுங்க. இல்லைன்னுதான டாக்டர் சொல்றாரு."

கல்லூரியில் விலங்கியல் படித்தவன் நான். அவள் சொன்னதில் பிழை தேடினேன், கிடைக்கவில்லை. என் சந்தேகம் உண்மையாக இருந்திருந்தால் பேரன் நலமாக இருந்திருப்பான்.

உள்ளே போய் மருத்துவரிடம் ஒன்றை மட்டும் கேட்டேன்: ஊசி மருந்து புலாலிலிருந்து எடுப்பதா? "கிருமிய வளத்துத் தயாரிக்கறதுங்க ஐயா. முட்டை கட்டாயமில்ல. பாலையும் தயிரையும் மட்டும் தடுக்காதீங்க," என்றார். அன்றே இருவருக்கும் ஊசி போட்டார்கள்.

தயிர் சேர்ப்பதைக் கண்டு முணுமுணுத்த உறவினர்களிடம், என் வீட்டுச் சாப்பாடு என் பொறுப்பு என்றேன். என்ன நோய் என்று துருவியவர்களிடம் இரத்தம் கொஞ்சம் குறைவு என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

மருந்து தொடர்ந்தது. ஒரு காலை தொட்டிலருகே குனிந்தபோது பிள்ளை சிரித்தது. என் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவருமில்லை. அப்போதும் நம்பாமல் இடப்பக்கம் நகர்ந்தேன். கண்கள் கூடவே வந்தன. வலப்பக்கம் நகர்ந்தேன். அங்கும் வந்தன.