சந்தனம் வைத்தவன் எழுதுகிறேன்

பத்து நாளைக்கு முன்பு, காலை ஆறரை மணிக்கு, செங்கோட்டைச் சாலையில் வண்டிக்கு டீசல் போட்டுக்கொண்டிருந்தபோது கோமதிநாயகத்தின் மனைவி பேச்சியம்மாள் போனில் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, அவுகள எழுப்புதேன், எழுப்புதேன், எந்திரிக்க மாட்டேங்காக" என்றாள். முகத்தில் தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொன்னேன். "தெளிச்சுட்டேன் அண்ணாச்சி. கண்ணு தொறந்தேதான் இருக்கு" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. டீசல் போடுகிற பெண் "ஃபுல்லா அண்ணே?" என்று இரண்டு முறை கேட்டாளாம். நான் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு நினைவு மலர் போடுகிறோம், கூட இருந்து வேலை பார்த்தவர் நீங்கள், இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று நம் பட்டறைத் தொழிலாளர் சங்கத்தில் கேட்டார்கள். வருஷா வருஷம் சங்க மலரில் ஏதாவது கிறுக்குகிறவன் என்பதால் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று நம்பிக் கேட்டிருக்கிறார்கள். புளியரை வளைவில் ஒரு டிரைவரின் கால் போனதற்குக் கோமதிநாயகம் கிரீஸ் வைக்க மறந்ததுதான் காரணம் என்று நாலு வருஷமாக நீங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அது பொய். அந்தப் பொய்யை உடைக்கத்தான் இதை எழுதுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

அவரைத் தெரியாதவர்கள் யாராவது இதைப் படிக்கலாம். கோமதிநாயகம், எங்களுக்குக் கோமதி, வீரகேரளம்புதூர்க்காரர். விழுந்த லாரிகளைத் தூக்குகிற ரெக்கவரி வண்டியில் நான் டிரைவர், அவர் மெக்கானிக். என்னைவிட ஒரு வயது மூத்தவர். ஆனாலும் ஒருவரையொருவர் 'வே' போட்டுத்தான் பேசிக்கொள்வோம். எங்கள் முதலாளி துறைமுகப் பக்கமிருந்து ஒரு பழைய ஆட்டோமேட்டிக் வண்டியை வாங்கி வந்தபோது பட்டறைத் தெருவே கூடி நின்று சிரித்தது. "கிளட்ச் இல்லாத வண்டியா? அப்ப எடது கால வீட்டுலயே வச்சிட்டு வாரும்வே" என்று என்னைக் கேலி செய்தார்கள். கோமதி சிரிக்கவில்லை. வண்டிக்கு அடியில் போனவர் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். வந்து, "நல்ல சாதி வண்டி. சுத்தமா வச்சிக்கிட்டாப் போதும்" என்றார்.

வந்த முதல் குற்றாலச் சீசனிலேயே அது எங்கள் மானத்தை வாங்கியது. ஐந்தருவியில் பள்ளத்தில் இறங்கிய சுற்றுலா பஸ் ஒன்றைத் தூக்கப் போனோம். தூக்கி முடித்துவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று நான் அருவியில் தலையைக் காட்டிவிட்டு வந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் கியர் லீவர் அசைய மாட்டேன் என்கிறது. பின்னால் நாற்பது கார்கள் ஹாரன் அடிக்கின்றன. மிளகாய் பஜ்ஜிக் கடைக்காரர் முதல் பலாப்பழம் விற்கிற அம்மா வரை ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நான் லீவரைப் பிடித்து உலுக்கினேன். கோமதி என் கையைத் தட்டிவிட்டார். "வண்டி மக்கர் பண்ணுனா அதப் போட்டுத் திட்டாதியும்வே. கடைசியா அதத் தொட்டது யாருன்னு மொதல்ல கேளும்" என்றார். தொட்டது நான்தான். ஈரத் துண்டை லீவரில் தொங்கவிட்டுவிட்டுச் சட்டை மாற்றியிருக்கிறேன். துண்டின் ஓரத்து நூல் பிரிந்து, லீவர் ஓடுகிற பள்ளத்துக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது.

அன்றைக்குத்தான் அதன் சூட்சுமத்தைக் காட்டினார். கைப்பிடியில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் கீழே பள்ளத்துக்குள் ஒரு சின்ன இரும்பு நாக்கு இறங்கும். நாக்கு இறங்கினால்தான் லீவர் ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்கு நகரும். நாக்குக்கு அடியில் ஒரு தூசி கெட்டியாக உட்கார்ந்தாலும் போச்சு. நூலை எடுத்துவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, தீக்குச்சி முனை அளவுக்கு மட்டும் கிரீஸ் வைத்தார். "குத்தாலத்துல நீரு குளிச்சாப் போதாதாவே, கியரையும் குளிப்பாட்டணுமா?" என்றார். பஜ்ஜிக் கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

இனி நான் சொல்லவேண்டியது வருகிறது.

நாலு வருஷத்துக்கு முந்திய ஆயுத பூசை. முதல் நாளே கோமதி வண்டியை ஒரு போல்ட் விடாமல் பார்த்து, பள்ளத்தைத் துடைத்து, கிரீஸ் வைத்து முடித்துவிட்டார். பூசைக்குச் சாமான் வாங்கப் போகும்போது என்னிடம், "ஸ்டியரிங்ல பொட்டு வையும், கண்ணாடியில வையும், லீவர்ல மட்டும் வைக்காதியும். எங்கனயாவது உள்ள எறங்கிரும்" என்றார். சரி என்றேன். அவர் அந்தப் பக்கம் போனதும் எனக்கு மனசு கேட்கவில்லை. நாள் முழுக்க நான் பிடிக்கிறதே அந்த லீவரைத்தான், அதற்குச் சந்தனம் இல்லையென்றால் பூசை என்ன பூசை? பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன். வழிந்தது. விரலால் வழித்துவிட்டேன். பாதி உள்ளே போயிற்று.

இரண்டு நாளில் லீவர் கொஞ்சம் இறுகியது. அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் "யாரு தொட்டா?" என்று கேட்பாரே என்று வெட்கம். குளிப்பதற்காக வண்டியில் வைத்திருந்த தேங்காய் எண்ணெயைப் பள்ளத்தில் ஊற்றினேன். வழவழவென்று ஓடியது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். சந்தனப் பொடியும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இதை எழுதுகிற நிலை வந்திருக்காது.

அடுத்த நாள் விடிந்ததிலிருந்து மழை. மலையிலிருந்து குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குப் புளியரை வளைவில் மரத்தடி ஏற்றிய கேரளத்து லாரி ஒன்று சுவரில் சாய்ந்துவிட்டது என்று தகவல் வந்தது. போனால், ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவில் டிரைவரின் கால் மாட்டிக்கொண்டிருக்கிறது. முப்பது வயது இருக்கும். "சேட்டா, ஒன்னு வேகம், சேட்டா" என்று அழுதுகொண்டிருந்தான். கோமதி ரோப்பைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் கையைக் காட்டினார். நான் முன்னால் எடுத்து ரோப்பை இறுக்கினால் முன்பக்கம் நிமிரும், காலை எடுத்துவிடலாம். நியூட்ரலில் இருந்த லீவரின் பொத்தானை அமுக்கினேன். நாக்கு இறங்கவில்லை. அமுக்கினேன், இடித்தேன், காலால்கூட உதைத்தேன். குளிரில் எண்ணெய் உறைந்து, சந்தனத்தோடு சேர்ந்து, மாவுக் கட்டு போட்டதுபோல நாக்கைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பையனின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. எவ்வளவு நேரம் அப்படிப் போராடினேன் என்று தெரியவில்லை. கால் மணி நேரத்துக்குக் குறையாது என்று பிறகு சொன்னார்கள்.

கோமதி கேபினுக்குள் ஏறினார். பள்ளத்தில் விரலை வைத்தார். மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிரித்துச் சுத்தம் செய்ய ஒரு மணி நேரம் ஆகும். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, தண்ணீர் ஓடுகிற ரோட்டில் படுத்து, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு அடியில் நுழைந்தார். லீவரிலிருந்து கியர் பெட்டிக்குப் போகிற கேபிளைக் கழற்றிவிட்டு, பெட்டியில் இருக்கிற இரும்புக் கையை அங்கேயே தள்ளிக் கியரைப் போடப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. கியர் விழுகிற நேரத்தில் என் கால் பிரேக்கிலிருந்து வழுக்கினால் சக்கரம் அவர் மேல்தான் ஏறும். "பிரேக்க விட்ராதியும்வே! நான் வெளிய வந்து சொன்ன பெறகுதான் விடணும்!" என்று அடியிலிருந்து கத்தினார். இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றிக்கொண்டு, எங்கள் ஊர்ச் சாமி பெயரையெல்லாம் சொன்னேன். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. அவர் உருண்டு வெளியே வந்தார். வலது கையில் சைலன்சர் சுட்டுத் தோல் உரிந்து தொங்கியது. "எடும்" என்றார். எடுத்தேன். காலை வெளியே எடுத்துவிட்டோம். உயிர் பிழைத்தான். ஆனால் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

முதலாளியும் போலீசும் வந்து, ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டபோது நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் கோமதி, "கேபிள் இறுகிட்டு முதலாளி. நான்தான் கிரீஸ் வைக்க விட்டுட்டேன்" என்றார். பிறகு என்னை ஓரமாக இழுத்துப் போய், "உம்ம மேல வந்தா கேஸாயிரும்வே. அடுத்த மாசம் மகளுக்குக் கல்யாணத்த வச்சிருக்கேரு. என் மேல வந்தா வேலதான போகும்? கல்யாணம் முடியட்டும், பெறகு சொல்லிக்கிடுவோம்" என்றார். அன்று சாயங்காலமே அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்தது. மறுவீடு முடிந்தது. பேரன் பிறந்து பால்வாடிக்கும் போகிறான். நான் சொல்லவில்லை.

தென்காசியில் ஒரு பட்டறையும் அவரைச் சேர்க்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கிரீஸ் வைக்க மறக்கிற மெக்கானிக் என்று பேர் ஆகிவிட்டது. உங்களில் பலர் அவரை 'கிரீஸ் கோமதி' என்றே கூப்பிட்டீர்கள், நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவர் வாசுதேவநல்லூரில் டிராக்டர் பார்க்கிற பட்டறைக்குப் போய்விட்டார். போன வருஷம் அங்கே போய்ப் பார்த்தேன். ஏர்க் கலப்பைக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, டீ வாங்கி வரச் சொன்னார். அவருடைய வலது முன்கையில் தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. ஊர்க் கதையெல்லாம் பேசிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "சொல்லிட்டீராவே?" என்றார். அந்த நாலு வருஷத்தில் அவர் கேட்டது அந்த ஒரே ஒரு தடவைதான். இல்லை என்று தலையை ஆட்டினேன். "சரி, சரி. டீ ஆறுது, குடியும்" என்றார். அன்றைக்காவது நான் மனுஷனாக நடந்திருக்கலாம். பஸ் ஏறி ஊருக்கு வந்து சாப்பிட்டுத் தூங்கினேன்.

அவரை எடுத்த அன்று நீங்கள் எல்லோரும் வீரகேரளம்புதூருக்கு வந்திருந்தீர்கள். பந்தலில் ஒருவர், "நல்ல வேலக்காரன்தான். அன்னைக்கு ஒரு நாள் அசந்துட்டாரு, என்ன செய்ய" என்றார். நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு பேச்சியம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டாள். அழுது ஓய்ந்த குரலில் கேட்டாள்: "அண்ணாச்சி, நீங்க பக்கத்துலதான இருந்தீய. அவுக மறந்துதான் போனாகளா? அந்தப் பையன் கால் போனதுக்கு அவுகதான் காரணமா? நான் கேட்டா, விடுட்டின்னு சொல்லிருவாக. ராத்திரியெல்லாம் எந்திரிச்சு உக்காந்திருப்பாக." நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். செத்தவர் வீட்டிலும் பொய்யனாகத்தான் நின்றேன்.

நேற்று முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். மகளிடமும் சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள், இன்னும் கூப்பிடவில்லை. விசேஷம் முடிந்த மறுநாள் புனலூர் போகிறேன். கால் போன அந்தப் பையன் அங்கே ஒரு கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறானாம். அவன் அடித்தாலும் சரி, போலீசைக் கூப்பிட்டாலும் சரி.

இந்த மாதிரிக் கட்டுரையின் கடைசியில், போனவரிடமிருந்து நாம் எதை வைத்துக்கொள்கிறோம் என்று எழுதுவது வழக்கம். அவருடைய ஸ்பேனர் பெட்டியைப் பேச்சியம்மாள் எனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள். வேண்டாம், அதைத் தொட எனக்கு யோக்கியதை இல்லை. அவர் சுமந்த பழியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். அது முதலிலிருந்தே என்னுடையது. அந்தப் பட்டப்பேரையும் இனி எனக்கே வையுங்கள், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

பேச்சி, அன்று பதில் சொல்லாமல் எழுந்து வந்தேன். இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், தங்கச்சி. அவர் மறக்கவில்லை. கிரீஸ் வைத்திருந்தார்.