எண்ணூரில் இரண்டு கயிற்றுப் பாட்டு

1935 பிப்ரவரி 5 தேதியிட்ட கடிதம் அது. இசைத்தட்டுக் கம்பெனி ஒன்றுக்குப் பாடகர்களைத் தேடித் தரும் என் நண்பர் எழுதியிருந்தார்: "கச்சேரிப் பாட்டும் நாடகப் பாட்டும் அலுத்துவிட்டன. பட்டணத்துக்கு வடக்கே, யாரும் கேட்டறியாத பாட்டுக்காரர் ஒருவரைப் பிடித்துக் கொடுங்கள். ஒருவர் போதும். ஒலிப்பதிவு செய்பவர்கள் 13ஆம் தேதி கல்கத்தாவுக்குப் புறப்படுகிறார்கள்."

பிப்ரவரி 9, சனிக்கிழமை. ராயபுரத்தில் காலை ரயிலைப் பிடித்தேன். எண்ணூர் எட்டு மைல் சொச்சம். மூன்றாம் வகுப்புக்கு இரண்டரை அணா. துறைமுகத்து நிலக்கரித் தூள் தண்டையார்பேட்டை வரை ஜன்னல் கட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தது. திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பெண்கள் இறங்கியதும் பெட்டி காலியாயிற்று. அதற்கப்பால் உப்பளங்கள், வெள்ளை வெள்ளையாய்க் குவியல்கள்.

எண்ணூர் நிலையத்திலிருந்து கடற்கரைக் குப்பத்துக்கு ஜட்கா இரண்டணா. போகும் காரியத்தைச் சொன்னதும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"மீனு வாங்க வருவாங்க, காத்து வாங்க வருவாங்க. பாட்டு கேக்க வந்த மொத ஆளு நீதான் சாமி. தேசப்பன் கொரலு நல்லாக் கீது. ஆனா வல இஸ்துகினு இருக்க சொல்லோதான் பாடுவான். சும்மா குந்திகினு பாடச் சொன்னா வாயத் தொறக்க மாட்டான்."

நான் போனபோது வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய வலை என்பது கடலில் அரைவட்டமாக விடப்படுவது. அதன் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டம் முந்நூறு கஜம் இடைவெளி விட்டு நின்று இழுக்கும். நான் நின்றது வடக்குக் கயிற்றின் பக்கம். இருபது பேருக்கு முன்னால் தேசப்பன், ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, கனத்த குரல்.

"மேகாத்து எங்கே போச்சு, ஏலேலோ?" என்று மேல்காற்றைப் பற்றிப் பாடினார். இருபது பேரும் "ஏலேலோ" என்று பின்னால் சாய்ந்தார்கள். கொஞ்சம் இடைவெளி. பிறகு, "போன காத்து இன்னா தந்துச்சு, ஏலேலோ?"

ஒவ்வொரு அடியும் கேள்வியாகவே இருந்தது. பதிலே இல்லை. வியப்போடு எழுதிக்கொண்டேன், கேள்விகளால் மட்டுமே ஆன பாட்டு வகை என்று ஒரு குறிப்பும் சேர்த்தேன். கூடை கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் அதைக் கவனித்துச் சிரித்தாள்.

"இன்னா சாமி, பாதிப் பாட்ட எழுதிகினு கீறே? மீதி அங்க கீது பாரு!"

அவள் காட்டிய தெற்குக் கயிற்றுக்கு மணலில் ஓடினேன். அங்கே முன்னால் நின்ற கன்னியப்பன், குட்டையான மனிதர், பாடியது இது: "மீஞ்சூரு சந்தைக்குப் போச்சு, ஏலேலோ!" பிறகு, "பொட்டி நெறைய மண்ணு தந்துச்சு, ஏலேலோ!" வடக்கில் கேள்வி, தெற்கில் பதில்; அலை இரைச்சலில் என் காதுக்கு எட்டாதது பழகிய அவர்கள் காதுக்கு எட்டுகிறது. அவர் இழுக்கும்போது இவர் நிறுத்துவார், இவர் இழுக்கும்போது அவர். ஒரு கயிறு முந்தினால் வலை கோணி மீன் தப்பிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. வலை நெருங்க நெருங்க இரு கூட்டங்களும் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. வலையின் நடுவில் மீன் சேரும் பையான மடி கரை ஏறும்போதுதான் முழுப் பாட்டும் ஒரே இடத்தில் காதில் விழுகிறது.

மடி ஏறியதும் பாட்டு நின்றது. இரண்டு பாட்டுக்காரர்களும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்.

கூடைக்காரியின் பெயர் முனியம்மா. தேசப்பனுக்குத் தங்கை, கன்னியப்பனுக்கு மனைவி. கதையை அவளே சொன்னாள். தேசப்பன் மகள் மங்காவைக் கன்னியப்பன் மகனுக்கென்று பேசி வைத்திருந்தார்களாம். தேசப்பன் பேச்சை மாற்றி, ரங்கூன் அரிசி ஆலையில் வேலை பார்க்கும் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார். அன்று முதல் மச்சான்கள் இருவருக்கும் பேச்சில்லை. "பேசமாட்டாங்க, பாடுவாங்க. பாடலன்னா வூட்ல சோறு ஏது?" என்றாள்.

இசைத்தட்டு என்றதும் தேசப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரங்கூன்ல மங்கா வூட்டாண்ட ஒரு காப்பிக் கடைல பாட்டுப் பொட்டி கீதாம் சாமி. பிளேட்டு அங்க போவுமா? பொண்ணு போயி ரெண்டு வருசமாச்சு. எங்கொரல அது கேக்குமா?"

தனியாகப் பாடிக்காட்டச் சொன்னேன். ஒரு கேள்வி பாடினார்; நின்றார். பதிலுக்கு உரிய இடத்தில் அவர் வாய் தானாக மூடிக்கொண்டது. கூட்டத்தில் ஒருவன் பதில் சொல்லிப் பார்த்தான். "நீ இன்னா கன்னியப்பனா?" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

தேசப்பன் தங்கையிடம், பத்தடி தள்ளிக் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர் காதில் விழும்படி, "வர்றாரான்னு கேளு" என்றார்.

"ரங்கூன் மாப்ளய பதிலு பாடச் சொல்லு" என்று கயிற்றிடம் சொன்னார் கன்னியப்பன்.

பிப்ரவரி 10, ஞாயிறு. முந்தின இரவு நிலையத்தருகே ஒரு சாவடியில் தங்கினேன். வெறுங்கையோடு திரும்புமுன் இன்னொரு முறை கேட்கலாமென்று காலையில் போனேன். இம்முறை தெற்குக் கயிற்றுப் பக்கம் நின்றேன்; வலை கரையை நெருங்கி, இரு கூட்டங்களும் கூப்பிடு தூரத்துக்கு வந்திருந்தன. வழக்கம்போல வடக்கிலிருந்து, "மேகாத்து எங்கே போச்சு?"

கன்னியப்பன் கடலைப் பார்த்தபடி பாடினார்: "பட்டணத்துக்கு ரயிலேறிப் போச்சு, ஏலேலோ! நானும் கூடப் போறேன், ஏலேலோ!"

தெற்குக் கூட்டம் சிரிப்பில் கயிற்றைத் தளரவிட்டது. வடக்கே தேசப்பன் இழுக்க மறந்து நின்றுவிட்டார். வலை கோணிற்று, மடி ஏறியபோது பாதி மீன்கூட இல்லை. "பேஜாரு புட்ச்சவங்களா! இத்த கரையேறின பெறகு சொல்லக் கூடாதா?" என்று முனியம்மா கணவரையும் அண்ணனையும் சேர்த்தே திட்டினாள்.

பிப்ரவரி 12, செவ்வாய். பாட்டுக்காரர் இருவரும் பட்டணத்துக்கு ஒரே ரயிலில், வேறு வேறு பெட்டிகளில் வந்தார்கள். ஒருவரைக் கேட்டிருந்த நண்பர் இருவரைக் கண்டு முகம் சுளித்தார். பதிவு அறையில் சணல் திரை, ஒரு ஒலிவாங்கி. கையில் பாரமில்லாமல் இருவருக்கும் குரல் எழவில்லை. கடைசியில் தேசப்பன் மூட்டையிலிருந்து ஆறு முழக் கயிறு ஒன்றை எடுத்து ஒரு முனையைத் தரையில் போட்டார். கன்னியப்பன் குனிந்து எடுத்துக்கொண்டார். இரண்டு வருடமாகப் பேசாத மனிதர்கள் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு பாடினார்கள்.

ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். மடி ஏறும்வரை நீளும் பாட்டு அது. இங்கே மடி ஏது? இரண்டாம் பக்கம் முடியும் தறுவாயில், பதில் மட்டுமே பாடும் கன்னியப்பன் ஒரு கேள்வி பாடினார்: "மங்கா அங்கே சொகமாக் கீதா, ஏலேலோ?"

தேசப்பனுக்குப் பதில் பாடிப் பழக்கமில்லை. கயிறு மட்டும் அவர் பக்கம் மெல்ல நகர்ந்தது. பாட்டைப் பதிந்துகொண்டிருந்த மெழுகுத் தட்டு நின்றது.

இந்தத் தட்டை வாசகர்கள் கேட்க வேண்டும்; முடிந்தால் நேரிலேயே எண்ணூருக்குப் போகவேண்டும். போகிறவர்கள் ஒரு கயிற்றோடு நின்றுவிடாமல் மணலில் மறுமுனைவரை நடக்கவும். நான் குடியிருக்கும் தெருவில் ஒரே சமயத்தில் நாலு வீட்டில் பாட்டுப் பெட்டி பாடுகிறது. ஒன்றுக்கொன்று காது கொடுப்பதில்லை.

தட்டு வெளிவந்தபின் ஒன்றை ரங்கூன் கப்பலில் அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்ததா, அந்தக் காப்பிக் கடையில் சுழன்றதா, மங்கா அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டாளா என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.