செலீன் கடித்த மரக்கரண்டி

நம்பாதவர்கள் நம்பவேண்டாம். பேய் என்று சொல்லி யாரையும் மிரட்டி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. இது போன மாசியில், கனடாவில், மொன்ட்ரியால்-நோரில், நாங்கள் வாடகைக்கு இருக்கும் நிலக்கீழ் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று முதலில் சொன்னவர் யாரோ, அவரைத்தான் தேடுகிறேன்.

நான் மேனுகா. ஐந்து வயதில், முள்ளிவாய்க்காலில், சுற்றிவளைத்து அடித்த ஷெல்லுக்குத் தப்பியவள். பதுங்கிக் கிடந்த பங்கர்க் குழியின் ஈரமணல் வாசம் மட்டும் நினைவிருக்கிறது. அதற்கு முந்தியது ஒன்றும் இல்லை. தங்கை செலீன், அம்மா இங்கே வந்து மறுமணம் செய்தபின் பிறந்தவள். ஆறு வயது. அவளின் அப்பா லொறி ஓட்டுகிறார். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார்.

செலீனுக்குச் சண்டையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை என்று அம்மாவும் நானும் முடிவெடுத்திருந்தோம். அந்த நரகம் எங்களோடு முடியட்டும் என்று நினைத்தோம்.

அன்று சனிக்கிழமை. அம்மா வேலைக்குப் போயிருந்தார். பிற்பகல் 3.40. தெருவில் பனி அள்ளுவதற்கு முன், கார்களை எடுக்கச் சொல்லி இழுவை வண்டி சைரன் ஊதிக்கொண்டு போனது. குளிர்காலம் முழுக்க இந்த ஊரில் கேட்கிற சத்தம்தான்.

செலீன் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், தரையில் குந்தியிருந்தாள். இரண்டு காதையும் பொத்தியிருந்தாள். பல்லுக்கிடையில் மரக்கரண்டி...

ஷெல் விழும்போது காதுச்சவ்வு கிழியாமல் இருக்க, பிள்ளைகள் கடிப்பதற்குத் தடியோ துணியோ கொடுப்பார்கள் என்று அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார். பங்கருக்குள் கிடந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

"ஆர் பழக்கினது?"

"அக்கா."

"நானோ?"

"நோன், இல்லை. அலுமாரிக்குள்ள இருக்கிற சின்ன அக்கா."

படிக்கட்டுக்குக் கீழே ஒரு சின்ன அலுமாரி உண்டு. திறந்து பார்த்தேன். குளிர்காலச் சப்பாத்துகள், வெற்றுப் பெட்டிகள். வேறொன்றும் இல்லை. சின்னப் பிள்ளையின் கற்பனை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தேத்தண்ணி வைக்கப் போனேன்.

4.05. மறுபடியும் சைரன்.

திரும்பினால் செலீனைக் காணவில்லை. அலுமாரிக் கதவு சாத்தியிருந்தது.

இழுத்தேன். வரவில்லை. அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது.

உள்ளே கிசுகிசுப்பு. இரண்டு குரல்கள். ஒன்று என் தங்கையுடையது. மற்றது...

"செலீன்! வெளியில வா!"

"சின்ன அக்கா விடமாட்டாவாம். கையைப் பிடிச்சிருக்கிறா. வெளியில குண்டாம்..."

கதவிடுக்கால் ஒரு வாசம் வந்தது. ஈரமணல்.

சர்ர்ர்... சர்ர்ர்... மண் சரிகிற சத்தம்.

செலீன் இருமினாள்.

"அக்கா... மூச்சு..."

அதோடு என் பயம் போய்விட்டது. கோபம்தான் வந்தது. வானத்திலிருந்து அடித்தார்கள், கடலிலிருந்து அடித்தார்கள், கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்திலும் அடித்தார்கள். அதற்கே சாகாதவள் நான். ஒரு சப்பாத்து அலுமாரிக்கா அடங்குவேன்?

கதவை உதைத்தேன்.

"ஏய்! நீ ஆரெண்டாலும் கேள். சண்டை முடிஞ்சுது. அந்தக் குழிக்குள்ள இருந்து நான் வெளிய வந்திட்டன். என்ர தங்கச்சியைத் திரும்ப அதுக்குள்ள இறக்க உன்னால ஏலாது. விடு கையை!"

சத்தம் நின்றது.

பிறகு, கதவின் மறுபக்கம்... என் இடுப்பளவு உயரத்தில்... ஒரு சின்னக் குரல்.

"அப்ப என்ர கையை ஏன் அம்மா விட்டவ?"

கதவு தானாகத் திறந்தது.

செலீன் என் மேல் விழுந்தாள். அவளின் மணிக்கட்டில் விரல் அடையாளம். அவளின் விரல்களைவிடச் சின்ன விரல்கள்.

மாலையில் அம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். விசர்க்கதை, பைத்தியமா என்று ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை. குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்டைக்கு இரவு பங்கர் வாசலில ஷெல் விழுந்தது. புகையில ஒண்டும் தெரியேல்ல. உள்ள கையை நீட்டினன். பிடிச்ச கை வழுக்கிப் போச்சு. திரும்பத் தடவி, பட்ட கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு ஓடினன். பின்னால மண் மூடிட்டுது."

"பிறகு?"

"விடியத்தான் முகத்தைப் பாத்தன்."

"ஆரின்ர முகம்?"

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ர முகம், பிள்ளை. நீ ஆரின்ர பிள்ளையெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. பேர் கேட்டனான். நீ வாய் திறக்கேல்ல. அகதிக் காம்பில பேர் பதியேக்க, மேனுகா எண்டு சொன்னன். அது என்ர பிள்ளையின்ர பேர்."

அன்றிரவு அழுதேன். யாருக்காக என்று எனக்கே விளங்கவில்லை. காலையில் எழுந்து அலுமாரிக் கதவைக் கழற்றி வெளியே போட்டேன். உள்ளே பார்த்துச் சொன்னேன்: "பேர் உன்ர. அம்மா ரெண்டு பேருக்கும். செலீனைத் தொட்டியெண்டால் தெரியும்."

வீடு மாறச் சொல்கிறார்கள், தெரிந்தவர்கள். நாங்கள் மாறவில்லை. ஓடி ஓடி இனி ஓட இடமில்லை. செலீன் நன்றாகத்தான் இருக்கிறாள்.

ஒன்றே ஒன்றுதான். குசினியிலிருந்து அம்மா "மேனுகா" என்று கூப்பிட்டால், நான் வாய் திறக்கும் முன்பே சில நாட்களில் அலுமாரிப் பக்கமிருந்து "ஓம் அம்மா" என்று கேட்கும்.

பிறகு நானும் சொல்வேன். அதைவிட உரத்து.


"ஓம் அம்மா!"