ரஷ்ய ராசாவின் மீசை

போட்டோக்கொப்பிக் கடையில் நிற்கிறவளுக்குக் கை சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, கண்ணையும் வாயையும் பூட்டி வைத்திருக்கவும் தெரிய வேண்டும். பாரிஸில், எங்கள் சனம் கூடுகிற லா சப்பலில், ஆட்கள் கொப்பி எடுக்கக் கொண்டு வருவது தங்களுடைய உயிரைத்தான்.

நீங்களும் கடிதங்கள் அடுக்கிய ஒரு டொசியேயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விசாக் கொடுக்கிற பிரெபெக்தூர் வாசலில் வரிசையில் நின்றவர்களாக இருப்பீர்கள். ஒரு கடிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, மழையில் நனைந்தபடி எங்கள் கடைக்குள் ஓடி வந்தவர்களாகவும் இருக்கலாம். ஆகவே நான் சொல்வது உங்களுக்கு விளங்கும். யுத்தம் முடிந்த வருடம் இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தேன். என் கணவர் அப்போது ஊரில், படையினரின் தடுப்பு முகாமில் இருந்தார். மகள் இங்கே பிறந்தவள். தகப்பனைப் படத்தில் மட்டும் பார்த்தவள். விடுதலையாகிறவர்களின் அடுத்த பட்டியலில் இவருடைய பெயர் இருக்கும் என்று இவருடைய தாய்க்கு, என் மாமிக்கு, யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் பட்டியலுக்காக நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த நாட்களில் நடந்தவைதான் இவை. பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாமி இன்னும் அங்கேதான் இருக்கிறா.

கொஞ்சம் கறுப்பாய்

வேலைக்கு வந்த முதல் கிழமை. பொண்டி என்கிற புறநகரிலிருந்து ஒரு வயதானவர் வந்தார். அகதி வழக்கு ஒருமுறை தள்ளுபடியாகி, மேன்முறையீட்டுக்குப் போகிறவர். ஊரில் செல் குண்டு விழுந்த தன்னுடைய வீட்டின் படத்தைக் கொண்டு வந்திருந்தார். கூரை இல்லை. சுவரில் பெரிய ஓட்டை. ஆனால் முற்றத்தில் செவ்வரத்தை பூத்திருந்தது.

நான் எடுத்துக் கொடுத்த கொப்பியை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். மெசினில் ஏதும் பிழையோ என்று கேட்டேன். தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, இன்னும் கொஞ்சம் கறுப்பாய் அடி. இதில வீடு இருக்கலாம்போலத் தெரியுது."

பன்னிரண்டு ராசாக்கள்

எங்கள் முதலாளி குணா அண்ணை கல்யாண அட்டை, பூப்புனித நீராட்டு விழாப் பதாகை, நினைவு மலர் எல்லாம் அடிப்பார். பெரிய தாளில் அச்சடிக்கிற மெசின் அந்தத் தெருவில் எங்களிடம் மட்டும்தான் இருந்தது. அதற்காகத்தான் ஓய்வுபெற்ற ஒரு பிரெஞ்சுச் சரித்திர வாத்தியார் எங்களைத் தேடி வந்தார். நூலக மண்டபத்தில் கண்காட்சி வைக்கப் போகிறாராம். பழைய பிரெஞ்சுப் பத்திரிகைகளில் வந்த பன்னிரண்டு கேலிச்சித்திரங்களைப் பெரிதாக்க வேண்டும். பன்னிரண்டிலும் ஒரே ஆள்: ரஷ்ய ராசா, முதலாம் நிக்கலாஸ். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தி பிரான்சுக்கும் ரஷ்யாவுக்கும் சண்டை நடந்தபோது வரைந்தவை.

கொன்வென்ற்றில் சிஸ்டர் படிப்பித்த சரித்திரத்தில் ராசாக்கள் எல்லோரும் குதிரையில் நிமிர்ந்து இருந்தார்கள். இந்த ராசாவோ முள்ளுக்கரண்டியால் தேசப்படத்தைக் குத்திச் சாப்பிட்டார். இன்னொன்றில் கண்ணாடி பார்த்தார். பின்னால் இரண்டு குருமார் ஒரு தடியில் புனிதர்களின் ஒளிவட்டத்தைக் கட்டி அவருடைய தலைக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவது படத்தில் கையில் விளக்குமாறு வைத்திருந்தார். வாசலில் வெளிநாட்டுத் தூதுவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறார்கள். 'வாருங்கள், வீடு கூட்டியாயிற்று' என்கிறார் ராசா. நடுவில் ஒரு கம்பளம் மேடுதட்டி இருக்கிறது. அதன் ஓரமெல்லாம் கால்கள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. சில சின்னக் கால்கள்.

அந்தப் படத்தை நான் கையில் எடுத்தபடியே நின்றிருக்க வேண்டும். வாத்தியார் மெதுவாக, எனக்கு விளங்குகிற பிரெஞ்சில் சொன்னார்: "மதாம், இதை வரைந்தவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை, அவன் பாரிஸில் இருந்தான். அங்கே, ரஷ்யாவில், இதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தவன்தான் பிடிபட்டான்."

ஆபத்தில்லாத கடிதம்

மாமி மாதம் ஒருமுறை முகாமுக்குப் போவா. நான் எழுதுகிற கடிதத்தையும் கொண்டுபோவா. வாசலில் உடைத்து வாசித்த பிறகுதான் இவருக்குக் கொடுப்பார்கள். ஆகவே மகளுக்கு முளைத்த பல்லு, குளிர், ஞாயிறு பூசை, இவ்வளவும்தான் எழுதுவேன். எழுதியதையே திருப்பித் திருப்பி எழுதி எனக்கே அலுத்துப்போயிருந்தது. இந்தமுறை புதிதாக ஒன்று கிடைத்ததே என்று கடையில் அடிக்கிற ரஷ்ய ராசாவைப் பற்றி எழுதினேன். முள்ளுக்கரண்டியை எழுதினேன். பெரிய மீசை என்றும் எழுதினேன். கம்பளத்தைப் பற்றி எழுதவில்லை. அவ்வளவு புத்தி இருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்திச் செத்துப்போன ஒரு ராசாவால் ஆருக்கு என்ன வரப்போகிறது?

கடிதம் போட்ட பிறகுதான் எங்களோடு புத்தகம் கட்டுகிற மன்னார் றீற்றா அக்காவிடம் சொன்னேன். பசையைப் பூசிக்கொண்டிருந்த கையை அவ நிறுத்தவில்லை. "ராசாமாரைப் பற்றி எழுதாதை பிள்ளை. உடைச்சு வாசிக்கிறவனும் ஒரு ராசாவின்ர ஆள்தான்."

காயப் போட்ட இடம்

தடித்த தாளில் அடித்தால் மை காய ஒரு நாள் வேண்டும். எங்கள் கடையில் ஒரு ஆள் திரும்பினால் மற்ற ஆள் ஒதுங்க வேண்டும். ஆகவே பெரிய அச்சுகளைக் கடை முன்கண்ணாடிக்கு உள்ளே ஒரு கொடி கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிடுவோம். அச்சுப் பக்கத்தை வெளியே பார்க்கத்தான் கொழுவுவோம். உள்ளே பார்க்கக் கொழுவினால் வருகிறவர்களின் குளிர் யக்கற் மையைத் தேய்த்துவிடும். பன்னிரண்டு படத்தில் ஏழாவதற்குத்தான் கறுப்பு மை கூடப் பிடித்தது. அதுதான் காயாமல் கிடந்தது. குணா அண்ணை வெளியே போயிருந்தார். ஒரு பிள்ளையின் சாமத்திய நீராட்டுப் பதாகைக்குப் பக்கத்தில் கம்பளத்துப் படத்தை நான்தான் கொழுவினேன். பழக்கத்தில் செய்தது. யோசிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் கண்ணாடிக்கு முன்னால் சனம். எங்கள் நாட்டில் ஆட்சியில் இருந்தவருக்கும் அப்படி ஒரு மீசை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு அம்மா கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தா. ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். நான் வெளியே போய், இது ரஷ்ய ராசா, பழைய காலத்துப் படம் என்று ஆளாளுக்குச் சொன்னேன். ஒருத்தரும் கேட்கவில்லை. அந்த நேரம் சுதன் வந்தான். பக்கத்துத் தெருவில், ரூ பெர்தொனேயில், ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போடுகிற பெடியன். தாயின் முதலாம் ஆண்டு நினைவு மலரை எடுத்துப்போக வந்தவன். தாய் யுத்தத்தின் கடைசி நாட்களில் செத்தவ. எந்த நாள் என்று தெரியாததால் திகதி போடுகிற இடத்தில் 'வைகாசி' என்று மட்டும் அடித்திருந்தோம்.

சுதன் படத்துக்குக் கிட்டப் போய், கம்பளத்துக்கு வெளியே தெரிந்த கால்களை விரல் வைத்து எண்ணினான். பதினொன்று. பிறகு சிரிக்கத் தொடங்கினான். எப்படிச் சிரிப்பு அது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர் சிரித்தார். அந்த அம்மா சிரித்தா. பல்லுத் தெரியச் சிரிக்கக் கூடாது என்று பன்னிரண்டு வருடம் சிஸ்டரிடம் படித்த நானும் சிரித்தேன். ஒரு வருடமாக நாங்கள் ஒருத்தரும் சிரித்திருக்கவில்லை. சுதன் கையை நீட்டிப் போனில் எல்லோரையும் சேர்த்துப் படம் எடுத்தான். இது ரஷ்ய ராசா என்று அவனுக்கும் சொன்னேன். "அக்கா, ரஷ்யாவில பிறந்தால் என்ன, உந்த மீசையை எனக்குத் தெரியாதே?"

ரூ பெர்தொனேயில்

இரண்டு நாள் கழித்து றீற்றா அக்கா தன்னுடைய போனைக் கொண்டுவந்து காட்டினா. பேஸ்புக்கில் எங்கள் கடை. பெயர்ப்பலகை வடிவாய் வாசிக்கலாம். ராசா, விளக்குமாறு, கம்பளம், சிரிக்கிற ஆறு பேர், நடுவில் நான். மேலே 'லா சப்பலில் எங்கட ராசா' என்று எழுதியிருந்தது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுதன் வேலை செய்கிற இடத்துக்குப் போனேன். படத்தை எடுத்துவிடச் சொன்னேன். அவன் கொத்துகிற தகடு இரண்டையும் நிறுத்தாமல், இஞ்சை வந்து உங்களைப் பிடிப்பாங்களோ, இவ்வளவு நடந்த பிறகும் பயந்து சாகிறியள் என்று நக்கலடித்தான். வரிசையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

மகளின் தகப்பன் எங்கே இருக்கிறார் என்று அவனுக்குத் தெரியாது. நான் ஒருத்தருக்கும் சொல்வதில்லை. அன்றைக்கு, அவ்வளவு பேருக்கு முன்னால், சொன்னேன். பட்டியலையும் சொன்னேன். தகட்டுச் சத்தம் நின்றது. கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்து, எனக்கு முன்னாலேயே படத்தை அழித்தான். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினேன். வாசல் வரைக்கும் பின்னால் வந்தான். அவனுடைய முகம் வேறாக இருந்தது. "அக்கா, நான் என்ர பக்கத்தில எடுத்திட்டன். ஆனால் நாற்பது பேர் தங்கட பக்கத்தில போட்டிட்டினம். அவையின்ர கையை நான் எப்பிடிப் பிடிக்கிறது?"

பட்டியல்

வாத்தியார் வந்து பன்னிரண்டு ராசாக்களையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். கண்காட்சிக்கு அழைப்பிதழும் தந்தார். போகவில்லை. மார்க்ஸ் டோர்மோயில் நாங்கள் இருக்கிற அறையிலிருந்து கடைக்கு நடந்து போகிற பத்து நிமிடத்திலும், ஆராவது போனை உயர்த்தினால் மகளின் முகத்தை என் தோளோடு அமத்திக்கொள்வேன். அவள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பாள்.

அடுத்த மாதம், ஒரு கல்யாண அட்டை ஓடிக்கொண்டிருந்தபோது மாமியின் கோல் வந்தது. மெசினை நிறுத்தினேன். முகாம் வாசலில் நின்று கதைக்கிறா. பட்டியலை ஒலிபெருக்கியில் வாசித்தார்களாம். போன மாதம்வரை இருக்கிறது என்று சொன்ன பெயர் இல்லையாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஏன் என்று மாமியும் சொல்லவில்லை. "வாசிச்சு முடிய, இன்னொருக்கால் வாசியுங்கோ தம்பி எண்டு கேட்டனான் பிள்ளை. அவனும் பாவம், முழுக்கத் திருப்பி வாசிச்சவன்."

மேசையில் ஒரு கொப்பி

இவர் வெளியே வரப் பதினான்கு மாதம் எடுத்தது. வந்த பிறகும் போனில் சாப்பாடு, காய்ச்சல் என்றுதான் கதைத்தோம். எப்படியோ இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் கடைக்கே எடுத்தார். மகளிடம் போனைக் கொடுத்தேன். அவள் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மிகவும் மரியாதையாக 'போன்ஜூர் மிஸ்யூ' என்றாள். அவரும் 'போன்ஜூர்' என்று சொல்லிவிட்டு, போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். பிறகு, பட்டியலுக்கு முதல்நாள் நடந்ததைச் சொன்னார்.

கூப்பிட்டு ஒரு மேசைக்கு முன்னால் இருத்தினார்களாம். மேசையில் ஒரு போட்டோக்கொப்பி. கறுத்துப்போன கொப்பி, பொண்டிக்காரர் கேட்டாரே, அந்தக் கறுப்பு. இவ ஆர் என்று கேட்க, என்ர மனுசி என்றாராம். கல்யாணத்துக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்து அதில்தான் பார்த்தாராம். மீசைக்காரன் ஆர் என்று கேட்க, ரஷ்ய ராசா என்றாராம். அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. பைலைத் திறந்து என்னுடைய கடிதத்தை எடுத்து வைத்தான். இவருடைய கைக்கு ஒருநாளும் வந்திராத கடிதம். மீசை என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு. ரஷ்ய ராசாதான், எனக்கும் தெரியும், உன்னுடைய மனுசியே எழுதியிருக்கிறா என்றானாம். இவர் தப்பினேன் என்று நினைத்திருக்கிறார். அப்போதுதான் அவன் கொப்பியைத் திருப்பி, சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பேனையால் தொட்டுக்கொண்டு, தெளிவான தமிழில் கேட்டானாம்: "ரஷ்ய ராசாவைப் பார்த்து இவ்வளவு தமிழ்ச் சனம் ஏன் சிரிக்குது?"

இந்தத் தொழிலில் எனக்குப் பதினான்கு மாதத்துக்கும் மேலே பிடித்துத் தெரியவந்தது இவ்வளவுதான்: எந்த ராசாவின் படத்தையும் எந்த அளவிலும் அடிக்கலாம், மை காயும்வரை முகத்தை இறுக்கி வைத்திருக்கத் தெரிந்தால் போதும்.