மஞ்சள் தண்ணி குடித்த டெக்

எங்கள் குசினிக் கதவைத் திறந்தால் முன்பு வெறும் புல்லும் சேறும்தான். மகளும் மருமகனும் அந்த இடத்தில் சீடர் மரத்தில் டெக், அதுதான் பலகைத் திண்ணை, போட்டார்கள். நல்ல சிவப்பு மரம். பலகை அறுத்த அன்று சாமியறை வரைக்கும் மணந்தது. அந்தச் சிவப்புக்காகவே மகள் அந்த மரத்தைக் கேட்டு வாங்கினவள். எனக்கும் சந்தோசம்தான். முழங்கால் வருத்தக்காரிக்குப் படி இறங்காமல் வெயிலில் கதிரை போட்டு இருக்க ஓர் இடம் கிடைத்தால் வேறென்ன வேண்டும்?

வீட்டுக்குப் புதிதாக ஒன்று வந்தால் மஞ்சள் தண்ணி தெளிக்காமல் என்னால் இருக்க முடியாது. கார் வந்தபோது தெளித்தேன். வாஷிங் மெஷினுக்கும் தெளித்தேன், அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அவையெல்லாம் துடைத்தால் போய்விடும். அதே நினைப்பில் ஒரு சட்டி நிறைய மஞ்சள் கரைத்து, மாவிலையால் டெக்கின் மூலையெல்லாம் தெளித்தேன். நடுவில் கொஞ்சம் தாராளமாகவே தெளித்தேன். மகளும் பக்கத்தில் நின்று கும்பிட்டாள். ஒன்றும் பூசாத மரம் என்பது இரண்டு பேருக்கும் நினைவில் வரவில்லை. மரம் தாகத்தில் இருந்ததுபோல் குடித்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் பரவியது.

அந்தக் கிழமையே ஸ்டெயின் பூச இருந்தார்கள். அது பெயின்ற் மாதிரி மேலே மூடாது, உள்ளே ஊறி நின்று மழை வெயிலுக்கு மரத்தைக் காக்கும். கடையில் இரண்டு சின்ன டப்பா வாங்கி, மிஞ்சிய பலகைத் துண்டுகளில் பூசிப் பார்த்தார்கள். டப்பாவில் இருப்பதை எனக்கு வாசிக்கத் தெரியாது, துண்டுகளைத்தான் பார்த்தேன். ஒன்று தேன் நிறம், மரத்தின் ரேகை அப்படியே தெரிந்தது. மற்றது கடும் சாயத் தேத்தண்ணி நிறம், கிட்டத்தட்டக் கறுப்பு. தேன் நிறத்தைப் பூசினால் மஞ்சளும் உள்ளே நின்றுவிடும். கறுப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும், சிவப்பையும் சேர்த்து.

மருமகன் கறுப்புத்தான் என்றார். கோபத்தில் அல்ல, அவர் என்னை ஒருநாளும் ஏசியதில்லை.

“கறுப்பெண்டா ரண்டு மூண்டு வருசம் தாங்கும் மாமி. மற்றது வருசா வருசம் பூசோணும். ஆர் செய்யிறது?”

மகள் தேன் நிறத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது ஏச்சைவிட மோசமாக இருந்தது.

“கொஞ்ச நாள் வெயிலில விடுங்கோ தம்பி. சீலையில பட்ட மஞ்சள் வெயிலுக்குப் போயிடுமெல்லே?”

“இது சீலையில்லை மாமி. வெயிலை ஓடர் பண்ணி எடுக்கவும் ஏலாது.”

ஆனாலும் பொறுத்தார். வெறும் மரத்தைக் கனகாலம் விட்டால் சாம்பல் பூத்துவிடும் என்று மட்டும் சொன்னார். எங்கள் ஊர் டூங்கபியில் அன்று பிடித்த மழை நாலைந்து நாள் விடவில்லை. பிறகு வெயில் வந்தது, சும்மா வெயிலா அது! மஞ்சளில் நிழல் விழாமல் நான் கதிரைகளை இழுத்தேன், உடுப்புக் காயப்போடும் கம்பியை இழுத்தேன், நிழல் போகும் பக்கமெல்லாம் பொருட்களை நகர்த்தினேன். முழங்கால் இரவில் கெஞ்சியது. மஞ்சள் வெளிறி, எலுமிச்சை நிறமாகி, ஒரு காலையில் தேடினாலும் காணவில்லை. தேன் நிறம் பூசினார்கள். மகள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதில் ஏறினாள்.

ஆர் செய்யிறது என்று மருமகன் கேட்டாரே, அதற்குப் பதில் நான்தான். பூசுவது அவர்கள், மற்றதெல்லாம் நான். பக்கத்து யூக்கலிப்டஸ் இலை ஈரத்தோடு கிடந்தால் கறுப்பு அச்சுக் குத்தும், அதனால் தினமும் கூட்டவேண்டும். பூச்சட்டிகளைத் தூக்கித் தூக்கி வைக்கவேண்டும். வருசம் முடிய ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவவேண்டும். கதிரையில் இருக்கத்தான் நேரம் கிடைப்பதில்லை.

போன சனிக்கிழமை கொஞ்சம் தண்ணி தெளித்துப் பார்த்தேன், வெறும் தண்ணிதான். உருண்டு நின்றால் பூச்சு இருக்கிறது. நிற்கவில்லை, மரம் குடித்துவிட்டது. மருமகனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“கறுப்பு டப்பா இப்பவும் கடையில விக்கினம் மாமி” என்றார்.

எனக்குக் காது கேட்காத மாதிரி, பிரஷ் எங்கே என்று தேடப் போனேன்.